காணாத பிள்ளைக்குச் செய்யும் தருமம்

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் அப்பூதியடிகள் வரலாறு தனிச்சிறப்பு வாய்ந்தது. சோழநாட்டிலே திருவையாற்றுக்கு அண்மையிலுள்ள திங்களூரில் வாழ்ந்த அந்தணராகிய அவர், திருநாவுக்கரசு நாயனாரை ஒருமுறையேனும் கண்டவரல்லர். நாயனாரின் பெருமைகளைப் பிறர் சொல்லக் கேட்டே அவர்மீது பேரன்பு பூண்டார். தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். வீட்டிலிருந்த அளவைகள், நிறைகோல், பசு, எருமை யாவற்றையும் அப்பெயராலேயே வழங்கினார். வழிநடப்போர் தாகந் தீர அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தரிலும் அப்பெயரே எழுதப்பட்டிருந்தது. அவ்வழியே வந்த அப்பரடிகள் அதைக் கண்டு, உமது பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினவ, அப்பூதியடிகளுக்குக் கோபமே வந்துவிட்டது என்று பெரியபுராணம் கூறும்.

இவ்வரலாற்றை நாம் சிறுவயது முதல் கதாப்பிரசங்கங்களிலே கேட்டு வருகின்றோம். பாம்பு தீண்டி இறந்த மூத்த மகன் உயிர்பெற்று எழும் இடத்திலேயே கேட்போர் மனம் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு முன்னே இரண்டு செய்திகள் இருக்கின்றன. கண்ணாற் காணாத ஒருவர்மீது ஒரு குடும்பம் முழுவதும் அன்பு வைத்தது ஒன்று. செய்த தருமத்தின்மேல் செய்தவர் பெயர் இல்லாதிருந்தது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கடல் கடந்த நாடுகளில் வாழும் எம்மவர் பலர், தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பேற்று மாதந்தோறும் பணம் அனுப்பி வருகின்றனர். எமது ஊர் மக்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே குடியிருந்த 2010ஆம் ஆண்டு முதல், எமது ஆலயத்தின் ஊடாகவும் இப்பணி நடைபெறுகின்றது. கடிதங்களையும் கணக்கையும் பார்க்கும் பொறுப்பு அடியேனிடம் இருந்து வருவதால், கண்டவற்றையும் கற்றவற்றையும் அடியார்களுக்கு எடுத்துரைப்பது கடமை என எண்ணுகின்றேன்.

ஏழைப் பிள்ளைக்கு அன்னமும் கல்வியும் கொடுப்பது எமக்குப் புதியதன்று. திருக்குறளிலே ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து உள்ளன. யாழ்ப்பாணத்தில் 1877ஆம் ஆண்டு பஞ்சத்தின்போது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். தெல்லிப்பழை ஸ்ரீ துர்க்காதேவி தேவஸ்தானத்திலே சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தையே ஆலயத்தோடு சேர்த்து வளர்த்தெடுத்தார்கள். ஆனால், தூர தேசத்திலுள்ள ஒரு குடும்பத்தையும் இன்னொரு தேசத்திலுள்ள ஒரு பிள்ளையையும் பெயர் குறித்து இணைத்து, கடிதம், புகைப்படம், மாதப்பணம் என்று ஒழுங்கு செய்யும் முறை மேலைத்தேசங்களில் உருவானது. அது உருவான விதத்தை அறிந்தால் எம்மவர் நெஞ்சம் கலங்கும்.

1936ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கு சென்ற ஜோன் லாங்டன் டேவிஸ் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர், சந்தாந்தர் நகரை அண்டி ஒரு சிறுவனைக் கண்டார் என்றும், அவனிடம் அவன் தகப்பன் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் கடிதம் இருந்தது என்றும் சொல்லப்படுகின்றது. நகரம் வீழ்ந்தால் தான் சுடப்படுவது நிச்சயம், மகனைக் கண்டெடுப்பவர் எவராயினும் தனக்காக அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். லாங்டன் டேவிஸ், எரிக் மக்கரிட்ஜ் என்பவருடன் சேர்ந்து 1937இல் ஸ்பானியப் பிள்ளைகளுக்கான வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தைத் தொடங்கினார். இன்று பிளான் இன்ரநாஷனல் என்று உலகெங்கும் அறியப்படும் நிறுவனம் அதுவே. அடுத்த ஆண்டே, யப்பானியப் படையெடுப்பால் அநாதைகளான சீனப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் கல்விற் கிளார்க் என்ற மதகுரு ஒரு நிதியத்தை ஆரம்பித்தார். 1950களில் கொரியப் போரின் அநாதைகளுக்காக வேறு நிறுவனங்கள் பிறந்தன. ஆக, இந்த முறையே போர்க்களத்தின் ஓரத்திற் பிறந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தைக் கடந்து வந்த எமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் இம்முறை குறைகள் அற்றதன்று. 1982ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நியூ இன்ரநாஷனலிஸ்ற் என்னும் சஞ்சிகை, இவ்வாறு தனிப் பிள்ளைகளைப் பொறுப்பேற்க வேண்டாம் என்று அட்டைப்படத்திலேயே எழுதி ஓர் இதழை வெளியிட்டது. ஒரே கூரையின் கீழுள்ள மூன்று பிள்ளைகளுள் ஒன்றுக்கு மாத்திரம் சப்பாத்து வந்தால் மற்ற இரண்டும் என்ன நினைக்கும்? நன்றிக் கடிதம் எழுதி எழுதிப் பிள்ளை தன்னைப் பிச்சைக்காரன் என்று எண்ணத் தொடங்கினால் அதற்கு யார் பொறுப்பு? இத்தகைய கேள்விகள் அக்காலத்திலேயே எழுந்தன. 1998இல் அமெரிக்க நாளிதழொன்றின் நிருபர்கள் தாமே சில பிள்ளைகளைப் பொறுப்பேற்றுப் பின்னர் நேரிற் சென்று தேடியபோது, ஒரு பிள்ளை எப்போதோ இறந்துவிட்டிருந்ததும், அதன் பெயரில் பணம் தொடர்ந்து பெறப்பட்டதும் வெளிவந்தன. பெரிய நிறுவனங்களுக்கே இது நேருமாயின், ஒரு கொப்பியும் ஒரு பேனையும் வைத்துக் கணக்கெழுதும் எம்போன்றவர்கள் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

அப்படியானால் இத்தருமத்தால் பிள்ளைக்கு உண்மையிலே நன்மை உண்டா? புறூஸ் வைடிக் முதலிய பொருளியல் அறிஞர் மூவர் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். இந்தியா, கென்யா, உகண்டா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் 10,144 பேருடைய விபரங்களைத் திரட்டி, உதவி பெற்று வளர்ந்தோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டனர். உதவி பெற்றவர்கள் 1.03 முதல் 1.46 வருடங்கள் வரை கூடுதலாகப் பாடசாலையிற் படித்திருந்தனர். ஒரு வருடந்தானே என்று சிலர் எண்ணலாம். சாதாரண தரம் எழுதாமல் நின்ற பிள்ளைக்கும் எழுதிவிட்டு நின்ற பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு சிலவேளை அந்த ஒரு வருடம்தான் என்பதை முப்பது வருடம் படிப்பித்த எனக்குச் சொல்லத் தெரியும். வைடிக்கும் வேறு இரு அறிஞரும் இந்தோனேசியாவின் யக்கார்த்தா நகரில் நடத்திய இன்னோர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பிள்ளைகளைத் தம்மைத் தாமே படமாக வரையச் சொல்லி, அந்தப் படங்களை ஆராய்ந்தனர். உதவி பெற்ற பிள்ளைகளின் படங்களில் மகிழ்ச்சியும் தன்னம்பிக்கையும் கூடுதலாகத் தெரிந்தன. எவரோ ஒருவர் தன்னை நினைக்கிறார் என்ற எண்ணமே பிள்ளையைத் தூக்கி நிறுத்துகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

எமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். பிறகேன் பணம் என்று வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் உளர். நியாயமான கேள்விதான். அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, சைக்கிளுக்கு ரயர், ரியூசன் காசு, தவணைக்கொரு வசதிக்கட்டணம், விளக்குக்கு மண்ணெண்ணெய் அல்லது மின்கட்டணம் என்பவை இலவசத்தில் அடங்கா. எல்லாவற்றுக்கும் மேலாகக் காலைச் சாப்பாடு. வெறுவயிற்றோடு வந்த பிள்ளை மூன்றாம் பாடத்தில் மேசையில் தலையை வைக்கும். படிப்பில் நாட்டமில்லாத பிள்ளை என்று நாங்கள் எழுதிவிடுவோம்.

இனி, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கின்றேன்.

2010இல் எம்மூருக்குத் திரும்பி வந்த ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். தகப்பன் இல்லை. மூத்தவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. கனடாவில் வாழும் ஒரு குடும்பத்தினர் அவளுடைய படிப்பைப் பொறுப்பேற்று மாதம் 30 கனடா டொலர் அனுப்பினர். அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 3,300 ரூபா. அந்தக் குடும்பமும் பெரிய வசதி படைத்ததன்று. கணவன் இரவு வேலை, மனைவி ஒரு தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள். மாதத்தில் ஒரு தரம் வெளியிலே சாப்பிடும் வழக்கத்தை நிறுத்தி அந்தக் காசை அனுப்புவதாகத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னார்கள். அவர்களுடைய மகனுக்கு எங்கள் பிள்ளையின் வயது.

2013ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு அவர்கள் ஊருக்கு வந்தார்கள். தாங்கள் உதவும் பிள்ளையைப் பார்க்க விரும்பினார்கள். நான் தாயிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, “சேர், அவை சாப்பிட்டுத்தான் போகவேணும்” என்றார்.

மறுநாள் மத்தியானம் அவர்களை அழைத்துச் சென்றேன். முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அயல் வீடுகளில் இரவல் வாங்கிய ஆறு கதிரைகள். தலைவாழை இலை போட்டுச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பூசணிக்காய்க் கறி, வடை, பாயசம், அப்பளம், மோர்மிளகாய். கனடாவிலிருந்து வந்த அந்தச் சகோதரி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய மகனும் எங்கள் பிள்ளையும் ஆளையாள் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார்கள். அவனுக்குத் தமிழ் குறைவு, அவளுக்கு வெட்கம் கூட. கடைசியில் வீட்டு நாய்க்குட்டிதான் இருவரையும் சேர்த்து வைத்தது.

விடைபெறும்போதுதான் கவனித்தேன். தாயின் காதிலே தோடு இல்லை, ஈர்க்குத்தான் இருந்தது. முதல்நாள் தோடு இருந்ததை நான் கண்டிருந்தேன். அடைவு கடைக்குப் போயிருக்கின்றது என்பது விளங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு அவர்கள் அனுப்பும் பணத்துக்கு மேலே அந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் செலவாகியிருக்கும். அவர்களோடு கூடிப்போன எனக்குத் தொண்டையில் சோறு இறங்காதது போன்ற ஓர் உணர்வு. பெற்ற மகனின் உடலைப் பாயில் மூடி மறைத்துவிட்டு, அடியவர் அமுது செய்வதற்குத் தடை வரக்கூடாது என்று இலை போட்டார்களே அப்பூதியடிகளும் மனைவியாரும், அந்த இடம் அன்றுவரை எனக்குப் பாடம். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

அவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சகோதரி உடனே காசை எடுத்து நீட்டியிருப்பார். அந்தத் தாய் ஆயுளுக்கும் தலை நிமிர்ந்திருக்கமாட்டார். ஆனால், அன்று தொடக்கம் ஓர் ஒழுங்கு செய்தோம். உதவும் குடும்பம் ஊருக்கு வந்தால் வீட்டுக்குப் போவதில்லை. பிள்ளையும் தாயும் மற்றச் சகோதரங்களும் ஆலயத்துக்கு வருவார்கள். மடத்திலே எல்லாருடனும் பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்பார்கள். சந்நிதியில் கொடுப்பவர், எடுப்பவர் என்ற வரிசை இல்லை. சில குடும்பத்தினர் இதனால் மனங் குறைப்பட்டதும் உண்டு. வீட்டு நிலைமையைக் கண்ணால் பார்த்தால்தானே கூடக் குறையச் செய்யலாம் என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. என்றாலும், வீட்டைப் பார்க்கும் வேலையைப் பாடசாலை ஆசிரியரும் கிராம அலுவலரும் செய்யட்டும்.

கடித விடயமும் அப்படியே. முதலிரண்டு வருடம் தவணைக்கொரு நன்றிக் கடிதம் என்று வைத்திருந்தோம். அந்தப் பிள்ளை நான்கு நாள் கொப்பியோடு இருந்துவிட்டு என்னிடம் வந்து, “சேர், போன தரம் எழுதினதையே எழுதலாமோ?” என்று கேட்டாள். நன்றியை எத்தனை விதமாகத்தான் ஒரு பிள்ளை எழுதும்! அதன்பின் நன்றி எழுதவேண்டாம், வீட்டுக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, நாய் எத்தனை குட்டி போட்டது என்று எழுது என்றேன். கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அங்கிருந்து அந்தப் பையனும் ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதியாகப் பனிமழையைப் பற்றி எழுதினான். அவனுடைய தமிழெழுத்து வரவரத் திருந்தி வந்ததையும் இங்கே சொல்லவேண்டும்.

இன்னொரு வீட்டில் நடந்தது இவ்வளவு நன்றாக முடியவில்லை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு வந்துகொண்டிருந்த பணம் ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அந்தக் குடும்பத்தவருக்கு வேலை போய்விட்டது என்பதும், சொல்ல வெட்கப்பட்டுத் தொலைபேசியை எடுக்காமல் விட்டார்கள் என்பதும் எமக்குத் தெரியவர ஆறு மாதம் ஆயிற்று. பையனோ, கடைசித் தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்ததால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணியிருக்கிறான். எவரிடமும் கேட்கவில்லை. ஒருநாள் மேசன் வேலைக்குக் கைக்கூலியாகப் போய்விட்டான். பிறகு நாங்கள் காசு ஒழுங்கு செய்து கூப்பிட்டும் அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. குறை எங்களுடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு மாதச் செலவை வங்கியில் முற்பணமாக இட்டு வைத்திருந்தால், ஒரு குடும்பம் விலகினாலும் இன்னொரு குடும்பத்தைத் தேட அவகாசம் இருந்திருக்கும். இன்று அப்படித்தான் செய்கின்றோம். முற்பணம் சேராமல் புதிய பிள்ளையின் பெயரை எடுப்பதில்லை. இதனால் காத்திருக்கும் பிள்ளைகளின் தொகை கூடித்தான் இருக்கின்றது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பணத்தை எந்த நாணயத்தில் பேசிக்கொள்வது என்பதும் அனுபவத்தில் கற்றதே. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இவ்வளவு ரூபா என்று பேசி வைத்திருந்த பிள்ளைகளுக்கு வந்த காசு ஏறக்குறைய பாதிப் பெறுமதிக்கு இறங்கிவிட்டது. இவ்வளவு டொலர், இவ்வளவு பிராங்க் என்று பேசியிருந்த பிள்ளைகள் தப்பிக்கொண்டார்கள்.

பணம் கையில் கொடுக்கப்படுவதில்லை. தாயினதோ பாதுகாவலரினதோ வங்கிக் கணக்குக்குச் செல்லும். ஒரு பகுதி பிள்ளையின் பெயரிலுள்ள சேமிப்பில் விழும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்பவரிடம், கொப்பியும் சப்பாத்தும் அவ்வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றோம். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையாயின் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்த பின்னரே எதுவும் செய்வது.

கடைசியாக ஒன்று. இம்மலரின் பின்பக்கங்களில் உபயகாரர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. அது வழமை, அதிலே தவறில்லை, அவர்களன்றி இம்மலரும் இல்லை. ஆனால், உதவி பெறும் பிள்ளைகளின் புகைப்படங்களையும் ஒரு பக்கத்தில் போட்டால் வெளிநாட்டில் உள்ளவர்களின் மனம் இரங்கும் என்று மலர்க் குழுவில் ஒருமுறை பேச்சு எழுந்தது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான். இம்மலர் ஊரில் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் இருபது வருடம் இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேச வருபவர்களும் இதைப் புரட்டுவார்கள். இவ்வளவுதான் நான் சொன்னேன். படம் போடுவதில்லை என்று தீர்மானமாயிற்று.

நான் சொன்ன பெண்பிள்ளை உயர்தரம் முடித்து, கணக்கியல் படித்து, இப்போது கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதுகின்றாள். தாயின் காதில் தோடு இருக்கின்றது. முதற் சம்பளம் எடுத்த கிழமை ஆலய அலுவலகத்துக்கு வந்து, ஒருநாள் அன்னதானத்துக்கென்று காசு கொடுத்தாள். பற்றுச்சீட்டு எழுதிய பொருளாளர் யாருடைய பெயருக்கு என்று கேட்டார். கனடாவிலுள்ள அந்தப் பையனின் பெயரைச் சொன்னாள். நட்சத்திரம் என்ன பிள்ளை என்றார். தெரியாது என்றாள். அவளைக் கொண்டே அன்றிரவு தொலைபேசியில் கேட்பித்தோம். அவனுக்கும் தெரியவில்லை, தாயைக் கேட்டுச் சொன்னான், உத்தரட்டாதி.